வெர்செய்ல்ஸ் பட்டிமன்றம்: பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் பத்தாம் வகுப்பில் "வெர்செய்ல்ஸ் உடன்படிக்கை நியாயமானதா?" என்று ஒரு பட்டிமன்றம் வைத்தோம். முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனியிடம், ஜெயித்த நாடுகள் 1919-இல் கையெழுத்து வாங்கிய உடன்படிக்கை அது. மணி அடித்த பிறகும் பிள்ளைகள் விடவில்லை, சாப்பாட்டு நேரத்திலும் பேசினார்கள், அப்புறம் பேச்சு உங்கள் வீடு வரைக்கும் வந்துவிட்டது என்று உங்கள் போன் அழைப்புகளிலிருந்து தெரிந்தது. ஒரு அப்பா "ஒரு கேள்விக்காக மூணு பீரியடா சார்?" என்று கேட்டார். ஒரு அம்மா கொஞ்சம் கோபமாகவே, "ஹிட்லர் வந்த நாட்டுக்குப் பாவம் பார்க்கச் சொல்லித் தர்றீங்களா?" என்றார். இரண்டுமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். இந்தப் பாடத்தை நானே பல வருடம் நடத்தியிருக்கிறேன் என்பதால் பதிலையும் நானே எழுதுகிறேன்.

முதலில் அந்த அம்மாவின் கேள்வி. பாவம் பார்க்கச் சொல்லவில்லை. பிரான்சின் பக்கம் பேசிய பிள்ளைகள்தான் அன்று அதிகம் தயார் செய்துகொண்டு வந்திருந்தார்கள். போரில் பிரான்ஸ் இழந்த வீரர்கள் 13 லட்சத்துக்கும் மேல், மேற்கு முனைச் சண்டை பெரும்பாலும் நடந்தது பிரான்ஸ், பெல்ஜியம் மண்ணில், பின்வாங்கிப் போகும்போது ஜெர்மன் படை வட பிரான்சின் நிலக்கரிச் சுரங்கங்களில் தண்ணீரை விட்டு நாசமாக்கிவிட்டுப் போனது, இதற்கெல்லாம் யார் காசு கொடுப்பது என்று ஒரு மாணவி கேட்டபோது எதிரணியில் சத்தமே இல்லை. அதே மாணவி அடுத்து 1871-க்குப் போனாள். அப்போது ஜெயித்த ஜெர்மனி, தோற்ற பிரான்சிடம் 500 கோடி பிராங்க் கேட்டது, முழுப் பணமும் வரும்வரை பிரான்ஸ் மண்ணில் படையை நிறுத்தி வைத்திருந்தது. 1918 மார்ச்சில் பிரெஸ்ட்-லிடோவ்ஸ்க் ஒப்பந்தத்தில் ரஷ்யாவிடமிருந்து போலந்து, பால்டிக் பகுதிகள், உக்ரைன் என்று ஜெர்மனி பிடுங்கிக்கொண்டதைப் பார்த்தால் வெர்செய்ல்ஸ் எவ்வளவோ மென்மையானது. இதையெல்லாம் மறைத்துவிட்டு நடத்தினால் அது வரலாற்றுப் பாடமே கிடையாது.

சரி, அப்படியென்றால் அந்த உடன்படிக்கை நியாயம்தானா? என் கருத்தை வகுப்பில் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். ஜெர்மனி பணம் கட்ட வேண்டியது நியாயம். 1871-இல் பிரான்சிடமிருந்து எடுத்துக்கொண்ட அல்சேஸ்-லொரைன் பகுதியைத் திருப்பிக் கொடுத்ததும் நியாயம். யாரிடம் கையெழுத்து வாங்கினார்கள், எப்படி வாங்கினார்கள் என்பதில்தான் தப்பு நடந்தது.

போருக்குப் போன ஜெர்மன் பேரரசர் (கைசர்) இரண்டாம் வில்லியம் 1918 நவம்பரில் நெதர்லாந்துக்குப் போய்விட்டார். இனி தாங்காது, போர் நிறுத்தம் கேளுங்கள் என்று செப்டம்பர் கடைசியில் அவசரப்படுத்தியவர்கள் தளபதிகள் ஹிண்டன்பர்க்கும் லூடன்டார்ஃபும். ஆனால் போர் நிறுத்தத்தில் கையெழுத்துப் போட அனுப்பப்பட்டவர் எர்ஸ்பெர்கர் என்ற அரசியல்வாதி. 1919 ஜூன் 28 அன்று வெர்செய்ல்ஸ் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் உடன்படிக்கையில் கையெழுத்திட்டதும் புதிய குடியரசின் இரண்டு அமைச்சர்கள், முல்லரும் பெல்லும். 1871-இல் ஜெர்மன் பேரரசைப் பிரகடனம் செய்த அதே மண்டபம் அது. அவமானம் தெரியவேண்டும் என்று பார்த்துப் பார்த்து எடுத்த இடம். தளபதிகளோ, ராணுவம் தோற்கவே இல்லை, உள்ளே இருந்தவர்கள் முதுகில் குத்திவிட்டார்கள் என்று சொல்லித் திரிந்தார்கள். எர்ஸ்பெர்கரை 1921 ஆகஸ்டில் சுட்டுக் கொன்றார்கள். ஹிண்டன்பர்க் 1925-இல் குடியரசுத் தலைவரே ஆகிவிட்டார். இத்தனை வருடம் கழித்தும் இந்த இடத்துக்கு வரும்போது எனக்கு மனசு கனத்துவிடும்.

பேச்சுவார்த்தையிலும் ஜெர்மனியைச் சேர்க்கவில்லை. மே 7 அன்று நிபந்தனைகளைக் கையில் கொடுத்து, சொல்வதை எழுத்தில் சொல்லுங்கள் என்றார்கள். ஏற்காவிட்டால் படை உள்ளே வரும் என்று ஜூனில் கெடு வைத்தார்கள். ஜெர்மனிக்குச் சரக்கு வராமல் போட்டிருந்த கடல் முற்றுகையை முழுதாக எடுத்தது ஜூலையில்தான். 231-வது பிரிவு என்று பிள்ளைகள் அடிக்கடி சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். போரால் வந்த இழப்புகளுக்கு ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் பொறுப்பு என்று சொல்லும் பிரிவு அது. இழப்பீடு கேட்பதற்குச் சட்டப்படி ஒரு பிடிமானமாக எழுதியது, 'குற்றம்' என்ற சொல்கூட அதில் கிடையாது, ஆனால் நம் பக்கத்தைக் கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டார்கள் என்றுதான் ஜெர்மனியில் எல்லாக் கட்சிக்காரர்களும் அதைப் படித்தார்கள்.

இழப்பீட்டுத் தொகையைப் பற்றி ஒரு திருத்தம், ஏனென்றால் சில பிள்ளைகள் அதை மட்டுமே பிடித்துக்கொண்டார்கள். 1921-இல் குறித்தது 13,200 கோடி தங்க மார்க். அதில் 8,200 கோடி பெரும்பாலும் காகிதத்தோடு நின்ற தொகை, நிஜமாக எதிர்பார்த்தது 5,000 கோடி. 1923-இல் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்று பணம் செல்லாக்காசு ஆனதற்கும் இழப்பீடு ஒன்றே காரணமில்லை. நிலக்கரியும் மரமும் ஒழுங்காக வரவில்லை என்று பிரான்சும் பெல்ஜியமும் ஜெர்மனியின் ரூர் தொழிற்பகுதிக்குள் படையோடு நுழைந்தபோது, வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க ஜெர்மன் அரசே நோட்டை அச்சடித்துத் தள்ளியது. அந்த இழப்பீட்டுக்காக வாங்கிய கடன் பத்திரங்களுக்குக் கடைசித் தவணை கட்டியது 2010 அக்டோபர் 3 அன்று. இதைச் சொன்னதும் "நான் பொறந்த வருஷம் சார்!" என்று நாலைந்து குரல்.

நம் நாட்டின் பெயரும் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர்கள் பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவும் பிகானீர் மகாராஜாவும். பத்து லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் கடல் கடந்து போன போர் அது. ஜெயித்தவர்கள் வரிசையில் இந்தியா உட்கார்ந்திருந்த அதே 1919-இல்தான் ஜாலியன்வாலா பாக் நடந்தது. இதற்கு ஒரு பீரியட் தனியாக வேண்டும் என்று வரலாற்று ஆசிரியை கேட்டார், கொடுத்துவிட்டேன்.

மூணு பீரியடா என்று கேட்ட அப்பாவுக்கு: பாடத்திட்டம் பின்தங்கவில்லை, திருப்புதல் தேர்வு சொன்ன தேதியில் நடக்கும், பட்டிமன்றத்துக்கு மதிப்பெண் கிடையாது.

வரும் வெள்ளிக்கிழமை மதியம் 2 மணிக்கு இரண்டாம் சுற்று. இந்தமுறை பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஐந்து நிபந்தனைகளைத் தாங்களே எழுத வேண்டும். ஒரு நிபந்தனையையாவது வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொல்லியிருக்கிறோம், அதனால் உங்களிடம் கேட்பார்கள். பதில் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுங்கள். வேலையிலிருந்து வர முடிந்தவர்கள் நேரிலேயே வாருங்கள், கடைசி இரண்டு பெஞ்சை உங்களுக்காக ஒதுக்கி வைக்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்