எங்கம்மா ஜீரோ பேலன்ஸ் அக்கவுண்ட்ல 885 ரூபா புடிச்சது பத்தி புகார்

கஸ்டமர் கேர் ஆபீசருக்கும் எங்க பிராஞ்ச் மேனேஜர் சாருக்கும் வணக்கம்.

கேரளாவுல வண்டன்மேடு பக்கத்துல இருந்து எழுதுறேன். எங்கம்மாவுக்கு 63 வயசு, ஏலத்தோட்டத்துல காய் எடுக்குற வேலை. 2015-ல நீங்களே நாங்க இருக்கற தோட்டத்து லைன் வீட்டுக்கு, அதான் லயத்துக்கு, வந்து கேம்ப் போட்டு ஜன்தன் அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி குடுத்தீங்க, பணம் இல்லாட்டியும் ஒண்ணும் புடிக்க மாட்டோம்மான்னு அன்னிக்கு சொன்னத அம்மா இன்னும் சொல்லுவாங்க.

போன மாசம் கூலி 2,400 ஏறுச்சு, ஏற்கனவே 612 கெடக்கு, 3,000 எடுக்கலாம்னு போனா கவுண்டர்ல 2,127தான் இருக்குன்னுட்டாங்க. பாஸ்புக்ல என்ட்ரி போட்டு பார்த்தா மூணு மாசமா மாசம் 295, மினிமம் பேலன்ஸ் சார்ஜ் 250, அதுக்கு ஜிஎஸ்டி 45. 612 இருந்தது 317 ஆகி, 22 ஆகி, மூணாவது மாசம் மைனஸ் 273. கூலி வந்து விழுந்ததும் அந்த மைனஸையும் கழிச்சுட்டீங்க. அட்டக்கடி வாங்கிக்கிட்டு மழையில குனிஞ்சு எடுத்த காய்க்கு வந்த கூலி சார் அது.

கேட்டா, போன வருஷம் கேஒய்சி குடுக்க வந்தப்ப சாதா சேவிங்ஸா மாத்த கையெழுத்து போட்டிருக்காங்கன்னு சொல்றாங்க. ஃபார்ம்ல இருந்தது இங்கிலீஷும் மலையாளமும். அம்மா மலையாளம் நல்லா பேசுவாங்க, படிக்க தெரியாது, தமிழ்ல பேர் எழுதுவாங்க அவ்வளவுதான். பென்சில்ல டிக் அடிச்ச எடத்துல எல்லாம் போடுங்கன்னாங்க, போட்டாங்க. எதுக்குன்னு ஒருத்தரும் சொல்லல.

ரிசர்வ் பேங்க் சர்க்குலர் 2014 நவம்பர்ல வந்தது, 2015 ஏப்ரல் 1-ல இருந்து அமல்ல இருக்கு. பேலன்ஸ் குறைஞ்சா முதல்ல எஸ்எம்எஸ், மெயில், லெட்டர் ஏதாவது ஒண்ணுல தெரியப்படுத்தணும், சரிபண்ண ஒரு மாசமாவது டைம் குடுக்கணும், இந்த சார்ஜ் புடிச்சே அக்கவுண்ட் மைனஸ்ல போகக்கூடாது. அம்மா போன்ல ஒரு எஸ்எம்எஸ் கூட இல்ல, நானே தேடி பார்த்துட்டேன். ஜீரோ பேலன்ஸா திரும்ப மாத்துங்கன்னா அந்த ஸ்கீம் முடிஞ்சு போச்சுங்கறாங்க, அது எப்படி முடியும்? பேசிக் சேவிங்ஸ் அக்கவுண்ட் எல்லாருக்கும் குடுக்கணும், மினிமம் பேலன்ஸ் கேக்கக்கூடாதுன்னு 2012-லயே உத்தரவு இருக்கு, ஏடிஎம் கார்டுக்கு கூட காசு கேக்கக்கூடாது. கேக்குறவங்களுக்கு குடுக்க வேண்டியது உங்க கடமை. எங்க லயத்துல இன்னும் எத்தன பேருக்கு இப்படி புடிச்சீங்களோ, பாதி பேர் பாஸ்புக்க என்ட்ரி போட்டே வருஷமாச்சு.

885 ரூபாயையும் திரும்ப போடுங்க, அக்கவுண்ட்ட பழையபடி மாத்துங்க, அம்மா கையெழுத்து போட்ட அந்த ஃபார்மோட காப்பி ஒண்ணு குடுங்க. 30 நாள்ல பதில் வரலன்னா பேங்க் மேல வர்ற புகார விசாரிக்கிற ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மேன்கிட்ட போறேன், ரிசர்வ் பேங்க் புகார் நம்பர் 14448-க்கு போன் பண்ணி எப்படி போடணும்னு கேட்டும் வச்சுட்டேன்.

பாஸ்புக் பக்கம் போட்டோ எடுத்து இதோட வச்சிருக்கேன். பதில தமிழ்ல அனுப்புங்க சார், அம்மாவுக்கு வாசிச்சு காட்டணும்.