சத்தத்தையும் வாட்டையும் அட்டையில் போடச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்லூரி திறக்கும் நேரத்தையொட்டி நீங்கள் வெளியிட்ட லேப்டாப் வாங்கும் வழிகாட்டியைப் படித்தேன். பிராசசர், ரேம், எஸ்எஸ்டி, திரை, விலை என்று எல்லாம் இருந்தது. வேலை செய்யும்போது அந்தக் கருவி எவ்வளவு சத்தம் போடும் என்பதற்கு மட்டும் ஒரு வரிகூட இல்லை. உங்கள் இதழை மட்டும் குறை சொல்லவில்லை. கடையில் லேப்டாப்புக்குப் பக்கத்தில் நிற்கும் விவர அட்டையிலும் அது இருப்பதில்லை. யாராவது ஒருவர் தொடங்கி வைக்க வேண்டும், அது உங்கள் இதழாக இருக்கட்டும் என்ற ஆசையில்தான் எழுதுகிறேன்.

திருச்சியில் வீட்டிலிருந்தே ஒலிப்பதிவும் வீடியோ எடிட்டிங்கும் செய்பவன் நான். மைக் இருக்கும் அறையில்தான் கம்ப்யூட்டரும் இருக்கிறது. வேலை முடிந்தபின் அதிலேயே கேம் விளையாடுவேன். என் தொழிலுக்கு அமைதி தேவை என்பது இருக்கட்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரே ஹால்தான். ஒருவர் ஆன்லைன் மீட்டிங்கில் இருப்பார், இன்னொருவர் பரீட்சைக்குப் படிப்பார், கட்டிலில் பெரியவர் ஒருவர் கண்ணயர்ந்திருப்பார். அங்கே ஒரு கேமிங் லேப்டாப் முழு வேகத்தில் இரைந்தால் அது எல்லோருடைய பிரச்சினை. ஒரு லட்சம் கொடுத்து வாங்கியவருக்கும் அது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிகிறது.

சிப் எடுத்துக்கொள்ளும் மின்சாரம் கிட்டத்தட்ட அத்தனையும் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. அந்த வெப்பத்தைத் தள்ளுவதற்கு ஃபேன் சுழல வேண்டும். ஆகவே ஒரு கம்ப்யூட்டர் எவ்வளவு சத்தம் போடும் என்று கேட்பவர் முதலில் அது எத்தனை வாட் இழுக்கும் என்று கேட்க வேண்டும். இங்கேதான் வாங்குபவருக்கு முதல் குழப்பம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கிராஃபிக்ஸ் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் தயாரிப்பாளர் விருப்பப்படி அதை 35 வாட்டிலும் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாம். மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம்! அட்டையில் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். அதே நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4090 என்ற பெயரில் நடப்பது இதைவிட மோசம். டெஸ்க்டாப் கார்டில் கணக்குப் போடும் சிறு பகுதிகளான கோர்கள் 16,384 இருக்கின்றன, 450 வாட் வரை இழுக்கிறது. அதே எண்ணைத் தாங்கிய லேப்டாப் சிப் உள்ளுக்குள் வேறு சிலிக்கான்; அதில் 9,728 கோர்கள்தான். பெயரை மட்டும் நம்பி வாங்கினால் வேகமும் தெரியாது, சத்தமும் தெரியாது.

லேப்டாப்பின் வாட் அளவைத் தங்கள் இணையப் பக்கத்திலாவது வெளியிடும்படி தயாரிப்பாளர்களிடம் 2021இல் என்விடியாவே சொன்னது. அதன் பிறகும் அந்த எண் விவரப்பட்டியலின் அடியில் எங்கோ பொடி எழுத்தில்தான் கிடக்கிறது. கடையில் விற்பனையாளரிடம் கேட்டால், "சார், இது 8 ஜிபி கார்டு" என்று பதில் வரும்.

அடுத்தது ஃபேன். ஒரு ஃபேனின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் காற்றோட்டமும் ஏறக்குறைய பாதியாகும், ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபல் இறங்கும். 10 டெசிபல் இறங்கினாலே நம் காதுக்குச் சத்தம் பாதியானதுபோல் இருக்கும். இன்னொரு பக்கம், ஒரே மாதிரி இரண்டு ஃபேன் சேர்ந்து ஓடினால் 3 டெசிபல்தான் கூடுகிறது. அதனால்தான் விஷயம் தெரிந்தவர்கள் பெரிய ஃபேன்களை மெதுவாகச் சுழல விடுகிறார்கள். டெஸ்க்டாப் கேபினெட்டில் 120 அல்லது 140 மில்லிமீட்டர் ஃபேன் நிமிடத்துக்கு 800, 900 சுற்றில் போதுமான காற்றைத் தந்துவிடும். மெல்லிய லேப்டாப்புக்குள் இருக்கும் சின்ன ஃபேன் அதே வெப்பத்தோடு போராட நாலாயிரம், ஐயாயிரம் சுற்று ஓட வேண்டியிருக்கிறது. லேப்டாப்பை ஒல்லியாக்க ஒல்லியாக்க விளம்பரத்துக்கு அழகு, காதுக்குத் தொல்லை.

நம் ஊர் வெயிலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாம் பார்க்கும் வெளிநாட்டு விமர்சனங்கள் பெரும்பாலும் 20, 22 டிகிரி அறையில் அளந்தவை. ஏசி இல்லாத திருச்சி வீட்டில் மே மாதப் பிற்பகலில் அறைக்குள்ளேயே 36 டிகிரி இருக்கும். சிப்பின் உச்ச வரம்பு 95 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு 73 டிகிரி இடைவெளி கிடைக்கிறது, நமக்கு 59தான். ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. அதை ஈடுகட்ட ஃபேன் இன்னும் வேகமாக ஓட வேண்டும், அல்லது சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் நடக்கிறது. ஜெர்மனியில் அமைதியானது என்று பெயர் வாங்கிய லேப்டாப் இங்கே இரைவதற்குக் காரணம் இதுதான். பழுது என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்கு அலைய வேண்டாம். தமிழ்நாட்டு வாசகருக்காக எழுதும் விமர்சனம் தமிழ்நாட்டு அறையில் அளக்கப்பட வேண்டும்.

சத்தத்தையெல்லாம் அளந்து எழுத முடியுமா என்று சிலர் கேட்கலாம். கம்ப்யூட்டர் போன்ற கருவிகளின் இரைச்சலை அளக்க ஐஎஸ்ஓ 7779, அளந்ததை அறிவிக்க ஐஎஸ்ஓ 9296 என்று தரநிலைகளே இருக்கின்றன. அலுவலக லேப்டாப், டெஸ்க்டாப் விற்கும் பெரிய நிறுவனங்கள் பல மாடல்களுக்கு இந்த முறையில் அளந்து அறிக்கை வைத்திருக்கின்றன. ஐரோப்பாவில் 2021 மார்ச்சிலிருந்து வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் போன்றவற்றின் எனர்ஜி லேபிளில் டெசிபல் அளவோடு சத்தத்துக்கு ஏ முதல் டி வரை தர எழுத்தும் இருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன்? இங்கே ஏசி வாங்கும்போது இண்டோர் யூனிட் எத்தனை டெசிபல் என்று விவரப்பட்டியலில் பார்க்கலாம். சுவரில் மாட்டும் பெட்டிக்குச் சொல்லும் கணக்கை மடியில் வைக்கும் பெட்டிக்கும் சொல்ல வேண்டாமா?

அதுவரை வாங்குபவர்கள் என்ன செய்யலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலை முழுக்க எழுத்து, கணக்கு, மீட்டிங், கொஞ்சம் எடிட்டிங் என்றால் ஃபேனே இல்லாத லேப்டாப் இருக்கிறது. ஆப்பிள் 2020 கடைசியில் எம்1 சிப்போடு கொண்டுவந்த மேக்புக் ஏரில் ஃபேன் கிடையாது, பின்னால் வந்த எம்2, எம்3, எம்4 ஏர்களிலும் இல்லை. எடிட் செய்த வீடியோவை முழுதாக உருவாக்கும் ரெண்டர் வேலையை நீண்ட நேரம் செய்தால் சூடேறி வேகம் குறையும் என்பது உண்மை. நம் விண்டோஸ் கேம்கள் பலவும் அதில் ஓடாது. கேமும் வேண்டும், அமைதியும் வேண்டும், பட்ஜெட் ஒன்றுதான் என்பவர்களுக்கு என் யோசனை டெஸ்க்டாப்தான். பயணம் இல்லாதவர்கள் கேமிங் லேப்டாப் வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் காசில் வேகமான டெஸ்க்டாப் அசெம்பிள் செய்யலாம், அது அமைதியாகவும் இருக்கும்.

அதிலும் பிராசசரைப் பார்த்து எடுக்க வேண்டும். 2023இல் வந்த ஏஎம்டி ரைசன் 7 7800எக்ஸ்3டி கேமுக்கு முன்வரிசையில் இருந்தது, இழுக்கும் மின்சாரமோ குறைவு. அந்தக் காலத்து இன்டெல் கோர் ஐ9 13900கே 253 வாட் வரை போகும். அதற்குச் சிப்பைக் குளிர்விக்கும் எந்த கூலர் போட்டாலும் முழு வேலையில் அமைதி எதிர்பார்க்கக் கூடாது. கூலருக்கு ஆஸ்திரியாவின் நாக்டுவாவைச் சொல்வார்கள். நல்ல பொருள்தான், விலை கூடுதல். தெர்மல்ரைட்டின் இரட்டைக் கோபுர ஏர் கூலர்கள் அதைவிடக் குறைந்த விலையில் நம் தேவையை முடித்துவிடும். அப்புறம், கிராஃபிக்ஸ் கார்டில் இரண்டு ஃபேன் மாடலையும் மூன்று ஃபேன் மாடலையும் ஒப்பிடும்போது வெப்பத்தை வாங்கிப் பரப்பும் உலோகப் பகுதியான ஹீட்சிங்கின் கனத்தைப் பாருங்கள். கலர் கலராக எரியும் லைட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்குச் செலவில்லாத வழி உண்டு. கேமின் ஃப்ரேம் ரேட்டுக்கு, அதாவது விநாடிக்கு எத்தனை படம் என்பதற்கு, உச்ச வரம்பு வையுங்கள். விநாடிக்கு 60 படம் மட்டுமே காட்டும் 60 ஹெர்ட்ஸ் திரையில் 140 ஃப்ரேம் ஓட்டிப் பெரும்பாலானவர்களுக்கு லாபம் இல்லை. வரம்பு வைத்ததும் கார்டு இழுக்கும் வாட் இறங்கி ஃபேன் அடங்கும். டெஸ்க்டாப்பில் பயோஸுக்குள் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) போய் ஃபேன் வேகம் ஏறுவதற்குச் சில விநாடி தாமதம் கொடுங்கள். சீரான இரைச்சலைக் காது மறந்துவிடும், நிமிடத்துக்கு நாலு முறை ஏறி இறங்குவதை மறக்காது. லேப்டாப்பை மெத்தையில் வைத்தால் கீழே காற்று போகும் வழி அடைபடும். பின்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தி மேசையில் வையுங்கள், வருடத்துக்கு ஒரு முறையாவது தூசி எடுங்கள்.

உங்கள் இதழிடம் கேட்பது பெரிய காரியம் இல்லை. அடுத்து லேப்டாப் விமர்சனம் போடும்போது, கிராஃபிக்ஸ் சிப்பின் வாட், முழு வேலையில் உட்காரும் தூரத்தில் கேட்கும் டெசிபல், அளந்த அறையின் வெப்பநிலை ஆகிய மூன்றையும் விலைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். தயாரிப்பாளர்களிடம் கேள்வி அனுப்பும்போது இரைச்சல் அறிக்கையைக் கேளுங்கள், தராதவர்களின் பெயருக்கு நேரே "தரவில்லை" என்றே அச்சிடுங்கள். மே மாதத்தில் ஏசி இல்லாமல் அளக்க ஓர் அறை வேண்டும் என்றால் என் அறையைத் தருகிறேன். சத்தம் அளக்கும் கருவியும் என்னிடம் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் வாசகன்,
திருச்சி