ஒரே எண்ணில் இரண்டு ஜார்: பொது லைப்ரரி அணிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொது லைப்ரரி அணியினருக்கு,

வணக்கம். எல்லா அணிகளும் எடுத்துப் பயன்படுத்தும் பொது நிரல் தொகுப்பான வரிக் கணக்கு லைப்ரரியின் 3.4.2 வெர்ஷன் பற்றித்தான் இந்த மடல். எந்த 3.4.2 என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். அப்படிக் கேட்கும்படி ஆனதுதான் எங்கள் குறை.

நடந்தது உங்களுக்குத் தெரியும், அதனால் சுருக்கமாகச் சொல்கிறோம். வரித்தொகையை முழு ரூபாயாக்கும் இடத்தில், சரியாக அரை ரூபாய் வந்தால் பக்கத்து இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும் ஹாஃப்-ஈவன் முறை இருந்தது. அதை, எப்போதும் மேலே ஏற்றும் ஹாஃப்-அப் ஆக்கினீர்கள். திருத்தம் சரியானது. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆம் பிரிவு, 50 பைசாவோ அதற்கு மேலோ இருந்தால் அடுத்த ரூபாய்க்கு ஏற்றச் சொல்கிறது. எண்களை வடிவமைக்கும் ஜாவாவின் டெசிமல்ஃபார்மட்டை அதன்போக்கில் விட்டால் ஹாஃப்-ஈவனில்தான் போய் நிற்கும். அதைக் கண்டுபிடித்தவருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். புது எண்ணில் வெளியிட்டிருந்தால் சொல்லியும் இருப்போம். நீங்களோ வெளியீடுகளை வைக்கும் கிடங்கில் ஏற்கெனவே இருந்த 3.4.2-இன் மேலேயே புதிய ஜாரை, அதாவது தொகுத்த நிரல் கோப்பை, ஏற்றிவிட்டீர்கள்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: ஒருமுறை வெளியிட்ட எண்ணைத் தயவுசெய்து மறுபடி தொடாதீர்கள்.

இதனால் என்ன ஆனது என்று பாருங்கள். 1,250 ரூபாய்ச் சரக்குக்கு 5% ஐஜிஎஸ்டி 62.50. பழைய ஜார் இதை 62 ஆக்கும், புதிய ஜார் 63 ஆக்கும். பில் போடும் பயன்பாடு பழைய ஜாரோடு ஓடியது. சரக்கைத் திருப்பி எடுத்துக் கிரெடிட் நோட் போடும் பயன்பாடு புதிய ஜாரோடு ஓடியது. 62 வாங்கிக்கொண்டு 63 திருப்பித் தந்தோம். எந்த லைப்ரரி, எந்த எண் வேண்டும் என்று சொல்லும் போம் கோப்பில் இரண்டிலும் 3.4.2 என்றே எழுதியிருந்தது. கணக்குப் பிரிவில் ஒரு ரூபாய் இடிக்கிறது என்று வந்த டிக்கெட்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பயன்பாடு நம்பியிருக்கும் லைப்ரரிகளின் பட்டியலான டிப்பென்டன்சி ட்ரீயை இரண்டு பக்கமும் எடுத்துப் பார்த்தால் இந்த லைப்ரரியின் வரி எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது. அப்புறம் எங்கே போய்த் தேடுவது?

டெஸ்ட் பிடித்திருக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். எங்கள் டெஸ்டில் இருந்த தொகை 750. அதற்கு வரி 37.50, இரண்டு முறையிலும் 38 தான் வரும். ஹாஃப்-ஈவன் பக்கத்து இரட்டை எண்ணுக்குப் போகும். 37.50-க்கு அது மேலே இருக்கிறது, 62.50-க்குக் கீழே இருக்கிறது. அதாவது அரை ரூபாய்க் கணக்குகளில் பாதிதான் தப்பாகும், மீதிப் பாதி சரியாக இருப்பதுபோலக் காட்டும். இந்த மாற்றம் வருகிறது என்று ஒரு வரி தெரிந்திருந்தால் 62.50-ஐயும் டெஸ்டில் சேர்த்திருப்போம். எண் மாறாததால் அந்த ஒரு வரியை எழுதவும் உங்களிடம் இடமில்லை. 3.4.2-இன் மாற்றக் குறிப்பு முன்பு எழுதியபடியே இருக்கிறது.

ஒரே எண்ணுக்கு இரண்டு ஜார் எப்படி ஒரே நேரத்தில் உயிரோடு இருக்க முடியும் என்று உங்கள் அணியிலேயே ஒருவர் வியந்ததாகக் கேள்விப்பட்டோம். அவருக்காக இது. ஸ்னாப்ஷாட் (இன்னும் மாறக்கூடிய இடைக்கால வெளியீடு) அல்லாத ஒரு வெர்ஷனை, லைப்ரரிகளை இறக்கித் தரும் கருவியான மேவன் ஒருமுறை இறக்கி நம் இயந்திரத்தின் .எம்2 ஃபோல்டரில் வைத்துவிட்டால், அது மாறியிருக்கிறதா என்று கிடங்கிடம் திரும்பக் கேட்பதே இல்லை. ரிலீஸ் என்றால் மாறாது என்ற நம்பிக்கையில் எழுதிய கருவி அது. ஆகவே முன்பே இறக்கியவரின் மடிக்கணினியில் பழையது இருக்கும். ஒவ்வொரு பில்டுக்கும் புதிதாக எழும் ஏஜென்ட், அதாவது பில்ட் செய்யும் இயந்திரம், புதியதை இறக்கும். முன்பு இறக்கியவற்றைக் கேஷாக வைத்துக்கொள்ளும் ஏஜென்டில் பழையதே கிடக்கும். பயன்பாட்டை அடுக்கடுக்காகப் பொதிந்து, டிப்பென்டன்சிகளைத் தனி லேயராக முன்கூட்டியே இறக்கும் டாக்கர் பில்டில், போம் கோப்பு மாறாதவரை அந்த லேயரும் மாறாது. எனவே அங்கேயும் பழையதுதான், வேறொரு காரணத்துக்காக யாராவது போமைத் தொடும் நாள் வரை. அன்றைக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு மாற்றத்தோடு உங்கள் ஹாஃப்-அப் உள்ளே வரும், பழி அந்த மாற்றத்தைச் செய்தவர் தலையில் விழும்.

"மைனஸ் யூ போட்டு ஓட்டிப் பாருங்கள்" என்று பதில் வந்தது. மேவன் கட்டளையோடு சேர்க்கும் மைனஸ் யூ ஸ்னாப்ஷாட்டுகளைப் புதுப்பிக்கும், முன்பு கிடைக்காமல் போன ரிலீஸை மறுபடி தேடும். கையில் இருக்கும் ரிலீஸை அது சீண்டாது. லைப்ரரி அணியிலிருந்து இந்தப் பதில் வந்ததைப் பற்றி மேலே எதுவும் சொல்ல விரும்பவில்லை. அந்த ஃபோல்டரைக் கையால் அழித்தால்தான் உண்டு, அல்லது டிப்பென்டன்சி பிளகினின் பர்ஜ் கட்டளையைக் கொடுக்க வேண்டும். அதையும் ஒவ்வொரு இயந்திரத்திலும் செய்ய வேண்டும். எது எங்கே இருக்கிறது என்று தெரிய ஜாரின் எஸ்எச்ஏ1 (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்) எடுத்து ஒப்பிடுவதுதான் ஒரே வழி. ஏற்றும்போது ஜாரோடு, அந்தக் கைரேகையை வைத்திருக்கும் செக்சம் கோப்பும் சேர்ந்தே மாறிவிடுவதால், மேவன் எச்சரிக்கை என்று ஒரு வரிகூடக் காட்டாது. ஜாவாஸ்கிரிப்ட் உலகின் கிடங்கான என்பிஎம் பக்கம் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அவர்கள் லாக் கோப்பில் எஸ்எச்ஏ512 கைரேகை பதிந்திருக்கும், உள்ளடக்கம் மாறினால் இன்டக்ரிட்டி பிழையோடு இன்ஸ்டால் அங்கேயே நின்றுவிடும்.

மேலேயே ஏற்றித்தான் பழக்கம் என்றால் அதற்கும் மேவன் வழி வைத்திருக்கிறது. 3.4.3-ஸ்னாப்ஷாட் என்று போட்டு ஒரு நாளைக்கு இருபது முறை ஏற்றுங்கள், ஒவ்வொன்றும் தன் நேர முத்திரையோடு தனியாக நிற்கும். ஸ்னாப்ஷாட்டை எடுப்பவர் மாறும் என்று தெரிந்தே எடுக்கிறார். 3.4.2-ஐ எடுத்தவருக்கு அப்படி யாரும் சொல்லவில்லை.

இதற்குப் புதிய கருவியோ குழுவோ தேவையில்லை. கிடங்கை நடத்தும் மென்பொருளான நெக்சஸில் அந்தக் கிடங்கின் அமைப்புக்குள் போனால் டிப்ளாய்மென்ட் பாலிசி என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் "டிசேபிள் ரீடிப்ளாய்" என்பதைத் தேர்ந்து சேமித்தால் முடிந்தது. அதன்பின் அதே எண்ணை யார் ஏற்ற முயன்றாலும் கிடங்கே மறுத்துவிடும். இதில் வேடிக்கை என்னவென்றால், நெக்சஸோடு வரும் மேவன்-ரிலீசஸ் கிடங்கு முதலிலிருந்தே அப்படி அடைத்துத்தான் வரும். யாரோ மெனக்கெட்டுத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

அவசரத் திருத்தம், புது எண் போட நேரமில்லை என்பது உங்கள் விளக்கம். 2021 டிசம்பரைவிடவா அவசரம்? லாக்ஃபோர்ஜே என்ற ஜாவா லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்த அந்த மாதத்தில் 2.15.0 வந்தது, அது போதாமல் 2.16.0, பிறகு 2.17.0, மாதம் முடிவதற்குள் 2.17.1. உலகமே பதறிக்கொண்டிருந்தபோதும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனி எண் கிடைத்தது. அவை நான்கையும் 2.14.1-இன் மேலேயே ஏற்றியிருந்தால், எந்தச் சர்வரை அடைத்தாயிற்று, எது இன்னும் திறந்து கிடக்கிறது என்று எவராலும் சொல்லியிருக்க முடியாது. எண்களுக்கு இங்கே பஞ்சமும் இல்லை. 3-க்குப் பின் 4 வரும்.

பழைய வெர்ஷன்களை இடம் போதவில்லை என்று அழித்துவிடும் வழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை அதை எழுதியவர் என்பிஎம்மிலிருந்து எடுத்ததும் ரியாக்ட், பேபல் போன்ற பெரிய திட்டங்கள் வரை பில்டுகள் உடைந்தன. அதற்குப் பிறகுதான் வெளியிட்டதை எடுப்பதற்கு என்பிஎம் கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. மேவனின் உலகப் பொதுக் கிடங்கான மேவன் சென்ட்ரலில் வெளியானதை மாற்றவும் முடியாது, நீக்கவும் முடியாது. உலகம் பட்டுத் தெரிந்துகொண்டதை நாமும் ஒருமுறை பட்டுத்தான் ஆக வேண்டுமா?

மறுபயன்பாட்டு விகிதம் ஏறுகிறது என்று காலாண்டு ஸ்லைடில் ஒரு பச்சை அம்பு காட்டுகிறீர்கள். அழகான அம்பு. அது எண்ணுவது போம் கோப்புகளில் உங்கள் லைப்ரரியின் பெயர் எத்தனை முறை வருகிறது என்பதை மட்டும். ஜாரை நம்ப முடியாமல், வேண்டிய இரண்டு கிளாஸை மட்டும் காப்பியடித்துத் தங்கள் ரெப்போவுக்குள் ஒட்டிக்கொண்ட அணிகளை அந்த அம்பு காட்டுவதில்லை. அந்தப் பிரதிகளில் இன்றைக்கும் ஹாஃப்-ஈவன் இருக்கிறது, உங்கள் திருத்தம் அங்கே போய்ச் சேரவே சேராது. கூடவே, எஸ்பிஓஎம், அதாவது மென்பொருளுக்குள் இருக்கும் கூறுகளின் பட்டியல், கேட்கும் வாடிக்கையாளர்கள் வந்துவிட்டார்கள். செபி 2024-இல் கொடுத்த சைபர் பாதுகாப்புக் கட்டமைப்பு அதைக் கேட்கிறது, அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அதே ஆண்டு வழிகாட்டியும் வெளியிட்டது. அந்தப் பட்டியலில் கூறின் பெயர், எண், கைரேகையான ஹாஷ் மூன்றும் வர வேண்டும். ஒரே பெயருக்கும் ஒரே எண்ணுக்கும் இரண்டு ஹாஷ் எழுதி அனுப்பினால் தணிக்கையாளர் உங்களைக் கேட்கமாட்டார், எங்களைத்தான் கேட்பார்.

குரல் சற்று உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். இனிச் செய்ய வேண்டியதைப் பணிவாகவே கேட்கிறோம்.

முதலில் ரீடிப்ளாயை அடைத்துவிடுங்கள். அடைப்பதற்கு முன், நல்லெண்ணத்தில் பழைய 3.4.2-ஐத் தேடி எடுத்துத் திரும்ப ஏற்றிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் மூன்றாவது குழப்பம் தொடங்கும். 3.4.2 இருக்கிறபடி கிடக்கட்டும். ஹாஃப்-அப் திருத்தத்தை 3.5.0 என்று வெளியிடுங்கள். வெளியே தெரியும் தொகை மாறுவதால் கடைசி இலக்கத்தை மட்டும் ஏற்றினால் போதாது. மாற்றக் குறிப்பில் "62.50 இனி 63 ஆகும்" என்று ஒரு உதாரணத்தோடு எழுதுங்கள். எல்லா லைப்ரரிகளின் எண்களையும் ஓரிடத்தில் வைக்கும் பொது பிஓஎம்மில் எண்ணை உயர்த்துங்கள். எங்கள் பக்கம் என்ஃபோர்சர் பிளகினின் தடைப்பட்டியலில் 3.4.2-ஐச் சேர்த்துவிடுகிறோம். அதைக் கேட்கும் எந்த பில்டும் அங்கேயே நிற்கும், மடிக்கணினியில் எந்த ஜார் இருந்தாலும் சரி.

வெளியிட்ட எண்ணைத் தொடாதீர்கள் என்பது மட்டும்தான் எங்கள் வேண்டுகோள். அமைப்பை மாற்றியதும் ஒரு வரி தகவல் அனுப்புங்கள். அதுவரை பில் அணியும் கிரெடிட் நோட் அணியும் 3.4.1-க்குத் திரும்பியிருக்கிறோம். சட்டப்படி அது தவறான தொகையைத் தருகிறது என்பது தெரிந்தேதான், அதனால் தகவல் சீக்கிரம் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் ஜார்களை நம்பி பில்ட் செய்யும் பயன்பாட்டு அணிகள்