சோதனையைக் கடைசிப் பத்திக்குத் தள்ளாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிய மருத்துவக் கருவிகள் உருவாகும் விதம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை விறுவிறுப்பாக இருந்தது. ஆனால் யோசனை, மாதிரி, உற்பத்தி என்று விரிவாக எழுதிக்கொண்டு போனவர், நோயாளிகளிடம் சோதிப்பதை மட்டும் அனுமதி வாங்குவதற்கான சம்பிரதாயம்போலக் கடைசியில் இரண்டு வரியில் முடித்துவிட்டார். இந்தத் துறையில் வேலை செய்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பல நிறுவனங்களும் அப்படித்தான் நினைக்கின்றன.

ஓர் உதாரணம். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாய்க்குள் கதீட்டர் என்ற மெல்லிய குழலைச் செலுத்தி, குழாயைச் சுற்றியுள்ள நரம்புகளைச் சூட்டால் செயலிழக்கச் செய்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. 2010-இல் வெளியான 106 பேர் கொண்ட ஆய்வில், இந்தச் சிகிச்சை பெற்றவர்களுக்கு சிஸ்டாலிக் அழுத்தம் (ரத்த அழுத்தத்தின் இரண்டு எண்களில் மேலே வருவது) ஆறு மாதத்தில் சராசரியாக 32 மில்லிமீட்டர் இறங்கியது. பல மாத்திரைகளுக்கும் கட்டுப்படாத அழுத்தம் அது. யாருக்குத்தான் உற்சாகம் வராது? ஆனால் யாருக்குச் சிகிச்சை நடந்தது என்பது அந்த ஆய்வில் எல்லோருக்குமே தெரியும்.

2014-இல் வெளியான ஆய்வில் 535 பேர். ஒரு பகுதியினருக்கு உண்மையான சிகிச்சை. மற்றவர்களுக்கு ரத்தக் குழாயைப் படம் எடுத்ததோடு சரி. தனக்கு நடந்தது எது என்று நோயாளிக்கும் தெரியாது, அழுத்தத்தை அளந்தவருக்கும் தெரியாது. சிகிச்சை பெற்றவர்களுக்கு 14 மில்லிமீட்டர் இறங்கியது. பெறாதவர்களுக்கும் கிட்டத்தட்ட 12!

பலரும் அத்தோடு கைவிட்டார்கள். கைவிடாதவர்கள் அந்தத் தோல்வியைக் குடைந்து பார்த்தார்கள். நரம்புகள் முழுமையாகச் செயலிழந்தனவா, நடுவில் மாத்திரைகள் மாறியதும் கணக்கைக் குழப்பியதா என்று கேள்விகள் எழுந்தன. அடுத்த சோதனைகளில், சூட்டைத் தரும் மின்முனை ஒன்றே ஒன்று இருந்த கதீட்டருக்குப் பதில் நான்கு மின்முனை கொண்ட சுருள் வடிவக் கதீட்டரைப் பயன்படுத்தினார்கள். குழாயின் கிளைகளிலும் சிகிச்சை செய்தார்கள். மறுபடியும் போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். கிடைத்த பலன் பழைய 32-க்குப் பக்கத்தில்கூட இல்லை, ஆனால் நம்பக்கூடியது. 2023 நவம்பரில், மருந்துகளுக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது. அடுத்த சோதனையில் எதை மாற்ற வேண்டும் என்று சொன்னது அந்த ‘தோற்றுப்போன’ ஆய்வுதான்.

இதற்கு நேர்மாறானது ஏ.எஸ்.ஆர். என்ற செயற்கை இடுப்பு மூட்டு. உலோகத்தோடு உலோகம் உரசும் வடிவம். அதன் ஒரு வகை, ஏற்கெனவே விற்பனையில் இருப்பவற்றுக்கு இணையானது என்ற வழியில், நோயாளிகளிடம் சோதிக்காமலே அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. மறு அறுவை சிகிச்சைகள் அதிகமாவதை முதலில் காட்டியவற்றுள் ஒன்று செயற்கை மூட்டு பொருத்தியவர்களின் விவரங்களைத் தொகுக்கும் ஆஸ்திரேலியாவின் மூட்டுப் பதிவேடு. 2010 ஆகஸ்டில் திரும்பப் பெறும்போது உலகம் முழுக்க ஏறக்குறைய 93,000 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. உடம்புக்குள் வைத்ததை எப்படித் திரும்பப் பெறுவது? 2021 மே முதல் அமலில் இருக்கும் ஐரோப்பிய விதிகள் இந்த ‘இணையானது’ வழியை நன்றாகவே இறுக்கியிருக்கின்றன. தாமதம் என்று எங்கள் துறையில் புலம்பல் உண்டு. எனக்கு அதில் அவ்வளவாக அனுதாபம் இல்லை.

யாரிடம் சோதித்தோம் என்பதும் முக்கியம். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்ஸிமீட்டருக்கு 2013-இல் எஃப்.டி.ஏ. தந்த வழிகாட்டுதல், குறைந்தது பத்துப் பேரிடம், அதில் கருமையான தோல் உள்ள இரண்டு பேரையாவது சேர்த்துச் சோதித்தால் போதும் என்றது. 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கருவி ஆக்ஸிஜன் சரியாக இருப்பதாகக் காட்டியபோதே உண்மையில் அது குறைந்திருந்த நிலை வெள்ளையரிடம் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரிடம் 11.7 சதவீதம்.

கட்டுத் துணிக்கும் பேஸ்மேக்கருக்கும் ஒரே அளவுச் சோதனை வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. தங்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும். ‘மருத்துவ ரீதியாக நிரூபிக்கப்பட்டது’ என்று ஒரு கருவியைப் பற்றி அச்சிடும்போது, எத்தனை பேரிடம், எதோடு ஒப்பிட்டு, எவ்வளவு காலம் சோதித்தார்கள் என்பதையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். நிறுவனம் சொல்ல மறுத்தால் அதையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவக் கருவி வடிவமைப்பில் பணிபுரியும் வாசகர்