அணை நீரும் புரளியும்

குமுளி

அன்புள்ள சண்முகத்துக்கு,

நலம், நலமறிய ஆவல். பொய்ச் செய்திகளைப் பற்றி நீ எழுதியிருந்தாய். மழைக்காலம் தொடங்கிவிட்டால், தமிழக-கேரள எல்லையில் இருக்கும் எங்கள் ஊரில் அவற்றுக்குப் பஞ்சமே இல்லை.

முல்லைப்பெரியாறு அணையில் நீர்மட்டம் 136 அடியைத் தொட்டதும், கேரளப் பக்கம் ஆற்றங்கரையில் வசிப்பவர்களுக்கு முதற்கட்ட எச்சரிக்கை விடுவது வழக்கம். உச்ச நீதிமன்றம் 2014இல் அனுமதித்த அளவு 142 அடி என்பதால், அது வெறும் முன்னறிவிப்புத்தான். ஆனால் அது கைபேசிகளுக்குள் நுழைந்த சில மணி நேரத்துக்குள் மலையாளத்தில் ‘அணையில் விரிசல்’ என்றும், தமிழில் ‘கேரளத் தோட்ட வேலைக்குப் போகும் நம் ஆட்களின் ஜீப்பை மறித்து அடிக்கிறார்கள்’ என்றும் இரண்டு உருவம் எடுத்துவிடுகிறது. கூடவே வரும் படம் பெரும்பாலும் வேறு ஏதோ ஓர் அணையின் மதகாக இருக்கும். காட்டுக்குள் இருக்கும் அணைக்கு யாரும் நினைத்தபடி போய்ப் பார்த்துவிட முடியாது என்பது புரளிக்காரனுக்கு எவ்வளவு வசதி!

2018 ஆகஸ்டு வெள்ளத்தின்போது அணை உடைந்துவிட்டதாக வந்த பேச்சு உனக்கு நினைவிருக்கும். அரசு மறுத்தும் பீதி அடங்க நேரமாயிற்று. அந்த ஆண்டுதான் வாட்ஸ்அப் நிறுவனம், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கோ குழுக்களுக்கோ மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பலமுறை கைமாறிய செய்திகளுக்கு 2020இல் அதையும் ஒன்றாகக் குறைத்தது. வேகம் குறைந்தது உண்மைதான். ஆனால் டீக்கடையில் ஒருவர் சத்தமாகப் போட்டுக் காட்டும் குரல்பதிவுக்கு எந்த வரம்பும் கிடையாது. மூச்சிரைக்க நம் வட்டாரப் பேச்சில் ஒருவர் கதறும்போது, அவர் யார் என்று கேட்க எவருக்கும் தோன்றுவதில்லை.

சென்ற மழையில் அப்படி ஒன்று வந்தபோது, தேனி மாவட்டத்துக் கூடலூரிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு வரவிருந்த பெண்கள் ஜீப்பில் ஏற மறுத்துவிட்டார்கள். ஓட்டுநர் வாதாடவில்லை. முன்னால் போன வண்டிக்காரரை அழைத்து, “செக்போஸ்ட்டைத் தாண்டிட்டியா? வழியில எவனாச்சும் மறிச்சானா?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார். “இங்க மழையைத் தவிர ஒண்ணுமில்ல” என்று பதில் வந்ததும் வண்டி புறப்பட்டது.

அரசின் மறுப்போ அறிக்கைத் தமிழில், பெரும்பாலும் மறுநாள்தான் வருகிறது. அன்றன்றைய நீர்மட்டத்தையும் சாலை நிலவரத்தையும், ஊரறிந்த ஒருவர் குரலில் இரு மொழிகளிலும் விடியுமுன் அனுப்பினால் என்ன என்று இங்குள்ள ஜீப் ஓட்டுநர்களிடம் கேட்டிருக்கிறேன். தமிழில் பேச ஆள் கிடைத்துவிட்டார். மலையாளத்தில் பேசத்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அன்புடன்,
பரமன்