மசீகா மழைக்கு முன் மருந்து மலையேற வேண்டும்

தார் எஸ் ஸலாம் தமிழ் அன்பர்களுக்கும், இங்கே வாழ்ந்துவிட்டு ஊர் திரும்பிய பழைய உறுப்பினர்களுக்கும் மஹெங்கே நிதிக் குழுவின் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். தான்சானியாவின் மஹெங்கே மலைக் கிராமங்களில் வலிப்பு நோயுள்ளவர்களின் மாத்திரைக்கும் கண்காணிப்புக்கும் தீபாவளிக்கு முன் 3 கோடியே 20 லட்சம் ஷில்லிங் வேண்டும் என்று கேட்டோம். தைப்பூசம் வரை சேர்ந்தது 1 கோடியே 94 லட்சம். மீதி 1 கோடியே 26 லட்சத்தைப் பிப்ரவரி 28-க்குள் சேர்த்தாக வேண்டும். மார்ச் பிறந்தால் மசீகா, அதாவது இங்கத்திய பெருமழைக் காலம். கிலோம்பெரோ ஆற்றுக்குப் பாலம் வந்துவிட்டது, பழையபடி படகுத்துறையில் காத்துக் கிடக்க வேண்டியதில்லை. ஆனால் மலைமேல் உட்கிராமங்களுக்குப் போவது இன்னும் மண் பாதைதான். நாலு மழை பெய்தால் வண்டி ஏறாது.

வண்டி ஏறாவிட்டால் என்ன, பிறகு போகலாமே என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வலிப்பு மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி இல்லை. தினமும் ஃபீனோபார்பிட்டால் சாப்பிடும் பிள்ளைக்கு அது திடீரென்று நின்றால், அடங்கியிருந்த வலிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும். விடாமல் தொடர்ந்து வந்து உயிரையே கொண்டுபோய்விடலாம். ஆரம்பித்துவிட்டு நடுவில் நிறுத்துவது கொடுக்காமல் இருப்பதைவிடப் பெரிய பாவம். சென்ற ஆண்டு நாம் ஆரம்பித்துவிட்டோம்.

புதிதாக வந்தவர்களுக்காகக் கதையை முதலிலிருந்து சொல்கிறோம். இந்த நிதி எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவரால் வந்தது. எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டர்’தான், பெயர் போடக்கூடாது என்று கட்டளை. 1970-களின் கடைசியில் மஹெங்கே பக்கம் கணக்கு வாத்தியாராக மூன்று வருடம் இருந்தார். 1905 ஆகஸ்டில், ஜெர்மன் ஆட்சியை எதிர்த்து எழுந்த மாஜி மாஜி போராளிகள் மஹெங்கேயின் ஜெர்மன் கோட்டையை முற்றுகையிட்ட கதையை ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். மந்திரித்த தண்ணீர் குண்டைத் தண்ணீராக்கிவிடும் என்று நம்பி இயந்திரத் துப்பாக்கிக்கு நேரே நடந்தவர்கள் அவர்கள். நமக்கு மனப்பாடமாகிவிட்டது, ஆனாலும் அவர் சொல்லட்டும். அந்த மண்ணில் வாழ்ந்தவர் அவர்.

அந்தக் கதைக்கு அடுத்ததாக அவர் சொல்வது இது. குளிர்ந்த காலை, பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னால் ஊஜிக் கஞ்சி. ஒரு பையன் கஞ்சியைப் பார்த்ததும் தலையை ஆட்டத் தொடங்கினான். ‘சரி சரி’ என்பதுபோல் தலை விழுவதும் எழுவதுமாக, கண் எங்கோ நிலைகுத்த. மாஸ்டர் தூங்குகிறான் என்று நினைத்து அதட்டினார். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்தார்கள். ‘கிஃபாஃபா’ என்றார்கள். வலிப்பு. இன்றைக்கும் அந்த அதட்டலைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடும்.

அதற்கு வெகுமுன்பே, 1960-இல், நார்வேயில் பிறந்த மருத்துவர் லூயிஸ் யிலெக்-ஆல் மஹெங்கேயில் வலிப்புக்கென்று ஒரு மருத்துவமனை தொடங்கினார். இந்தத் தலையாட்டு நோயை முதலில் எழுதி வைத்தவரும் அவரே. நோயாளியின் எச்சில் பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தில், வலிப்பு வந்து அடுப்பில் விழுந்தவரைக்கூடத் தொட்டுத் தூக்க ஆள் வராத நிலையை அவர் கண்டார். நாம் சிரிக்க வேண்டாம். காக்கா வலிப்பு என்றால் கையில் சாவிக்கொத்தைத் திணித்தவர்களும், பெண் பார்க்க வரும்போது மூத்தவளின் வலிப்பை மறைத்தவர்களும் நம் வீட்டிலேயே உண்டு.

இந்த வலிப்புக்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதுவது ஒரு கருப்பு ஈயின் கடி. கொசு மாதிரி தேங்கிய தண்ணீரில் அல்ல, பாறையில் மோதி ஓடும் ஆற்றில் வளர்வது. பகலில் கடிக்கும், அதனால் கொசுவலை உதவாது. கடியோடு வரும் புழு தோலுக்கடியில் கட்டியாகத் தங்கி 10, 15 வருடம் வாழும். பெண் புழு நாளுக்கு ஆயிரம் குஞ்சு போடும். குஞ்சுகள் தோலில் ஊர்ந்தால் தீராத அரிப்பு, கண்ணுக்குப் போனால் நாளடைவில் பார்வை போகும். ஆற்றுக் குருடு என்று பெயர் வந்தது அதனால்தான். இந்தப் புழு மிகுந்த ஊர்களில் நன்றாக இருந்த பிள்ளைகளுக்கு 3 வயதுக்கும் 18 வயதுக்கும் இடையில் வலிப்பு தொடங்குகிறது. புழு மூளையை எப்படித் தொடுகிறது என்பதை ஆய்வாளர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். ஆனால் வட உகாண்டாவில் 2012 முதல் ஆற்றில் மருந்தடித்து, வருடம் இருமுறை மாத்திரையும் கொடுத்த பிறகு புதிய தலையாட்டு நோயாளிகள் வருவது ஏறக்குறைய நின்றே போனது.

அந்த மாத்திரை ஐவர்மெக்டின். மெர்க் நிறுவனம் 1987-இலிருந்து இலவசமாகத் தருகிறது. அதற்கு நாம் ஒரு ஷில்லிங்கும் கேட்கவில்லை. மஹெங்கேயில் 1997-இலிருந்து வருடம் ஒருமுறையும் 2019-இலிருந்து இருமுறையும் கொடுக்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் சில கிராமங்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு வலிப்பு. மாத்திரை குஞ்சுகளைத்தான் கொல்லும், தாய்ப்புழு தப்பிவிடும். ஐந்து வயதுக்குக் கீழே கொடுப்பதில்லை. கொடுக்க வரும் நாளில் ஷம்பாவில் (வயலில்) வேலையாக இருந்தவரும் கர்ப்பிணியும் விட்டுப்போவார்கள். யார் விட்டுப்போனார், எந்த வீட்டில் புதிதாக வலிப்பு வந்தது என்று வீடு வீடாகக் கேட்டு எழுத ஆள் வேண்டும். சின்னப் பிள்ளைக்குப் புதிய வலிப்பு என்றால், அந்த ஆற்றங்கரையில் ஈயின் வேலை இன்னும் நடக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அந்தக் கணக்கு நோட்டுக்கும் வலிப்பு மாத்திரைக்கும்தான் இந்த நிதி.

செலவு இதோ. உள்ளூர்க் கண்காணிப்பாளர் 12 பேர், மாதம் ஆளுக்கு 60,000 வீதம் ஒரு வருடத்துக்கு 86 லட்சத்து 40 ஆயிரம். வலிப்பு மாத்திரை 150 பேருக்கு, மாதம் 6,000 வீதம் 1 கோடியே 8 லட்சம். மாவட்ட சுகாதார ஊழியர்களுக்கு மோட்டார் சைக்கிள் இரண்டு, 60 லட்சம். பெட்ரோல், பழுதுபார்ப்பு 30 லட்சம். ஆற்றில் ஈ முட்டையிடும் செடிகொடிகளை வெட்டி எடுக்கப் பங்கா கத்தி, பூட்ஸ், கூலி 20 லட்சம். இந்த வெட்டு வேலையைத் தெற்கு சூடானின் மரிடி அணையில் 2019 முதல் ஊர்க்காரர்களே செய்து ஈக்கடியை நன்றாகக் குறைத்திருக்கிறார்கள். பதிவேடு, உயரம் அளக்கும் கோல், போன், சில்லறைச் செலவு 15 லட்சத்து 60 ஆயிரம். குழுவினரின் பயணம் அவரவர் கைக்காசு.

துண்டு விழுந்த காரணத்தையும் மறைக்கவில்லை. ஒரு நிறுவனம் 80 லட்சம் தருவதாகச் சொல்லி, போட்டோவும் எடுத்துக்கொண்டு, டிசம்பரில் கைவிரித்துவிட்டது. பெயர் சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்த வாக்கை நம்பி மற்ற இடங்களில் கேட்காமல் இருந்தது எங்கள் தவறு.

கொடுத்தவர்களை எப்படி மறப்போம்! கரியாக்கூ மளிகைக் கடை அண்ணாச்சி 20 லட்சத்தைப் பழைய அரிசிப் பையில் சுற்றிக் கொடுத்துவிட்டு, எண்ணிப் பார்க்கும் வரை நிற்காமல் போனார். உப்பாங்கா அடுக்குமாடிப் பெண்கள் ஆறு சனிக்கிழமை முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்று 11 லட்சம் கொண்டுவந்தார்கள். கடைசி வாரம் எண்ணெய் விலை ஏறியபோது கைநட்டத்தில் சுட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. மூன்றாம் வகுப்புப் படிக்கும் இரண்டு பிள்ளைகள் உண்டியலை உடைத்து 43,500 தந்தார்கள். மதுரைக்குத் திரும்பிவிட்ட ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா மாதா மாதம் அனுப்புகிறார், நாங்கள் ஒருமுறைகூட நினைவூட்டியதில்லை. எங்களில் ஒருவருடைய காரோட்டி, மஹெங்கே பக்கத்துப் போகோரோ இனத்தவர், ‘என் அக்கா மகளுக்கும் இருக்கிறது’ என்று சொல்லி ஒரு வாரச் சம்பளத்தை நீட்டினார். பாதியை வற்புறுத்தித் திருப்பிக் கொடுத்தோம். முருகன் இவர்கள் எல்லோரையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

ஒன்று சொன்னால் கோபிக்கக் கூடாது. 2007-இல் மஹெங்கே பக்கம் இபாங்கோவில் பெரிய ஸ்பினல் கற்கள் கிடைத்ததிலிருந்து அந்த ஊர்ச் சிவப்புக் கல்லுக்கு உலகமெங்கும் மதிப்பு. நம் விசேஷங்களில் அந்தக் கல் மின்னும் விரல்களை நாங்களும் பார்க்கிறோம். கல் வந்த ஊரின் பிள்ளைக்கு ஒரு வருட வலிப்பு மாத்திரை 72,000 ஷில்லிங். பொங்கல் விருந்தில் மிஞ்சிய சாப்பாட்டைக் கொட்டியதைப் பார்த்த மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை. ஆனால் அன்று மாஜி மாஜி கதையையும் சொல்லவில்லை.

முழுத் தொகை முடியாதவர்கள் ஒரு மாதத்துக்கு, ஒரு பிள்ளைக்கு 6,000 கொடுங்கள். கைபேசி வழியாக எம்-பெசாவிலும் அனுப்பலாம், வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது பொருளாளரிடம் நேரிலும் தரலாம். எதுவானாலும் ரசீது வாங்காமல் போகாதீர்கள். மார்ச் 3-ஆம் தேதி விடிகாலை வண்டி புறப்படுகிறது. கூட வர விரும்புவோருக்கு இரண்டு இடம் உண்டு.

இப்படிக்கு,
குழுவினர்

பி.கு.: சென்ற ஆண்டு வாக்குக் கொடுத்து இன்னும் தராத ஒன்பது பேரின் பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது. கூட்டத்தில் வாசிக்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.