2025-ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை (தார்ப்பாய் விவரம் உட்பட)

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வராதவர்களுக்குப் போய்ச் சொல்லப்போகிறவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் மன்றத்தின் வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் முடித்துவிடுகிறேன். குடியரசு நாளுக்கும் சுதந்திர நாளுக்கும் கொடி ஏற்றி மிட்டாய் கொடுத்தோம். கண் சிகிச்சை முகாம் நல்லபடியாக நடந்தது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்த பிள்ளைகளுக்குப் பரிசு வழங்கினோம். கால்பந்துப் போட்டி அரையிறுதியோடு நின்றது. காரணம் எல்லோருக்கும் தெரியும், அறிக்கையில் வேண்டாம். கொச்சிக்கு அப்பால் மே மாதம் சரக்குக் கப்பல் கவிழ்ந்து, அதிலிருந்த பிளாஸ்டிக் மணிகள் குமரி மாவட்டக் கரைகளில் ஒதுங்கியபோது, நம் பையன்கள் சிலர் சல்லடையோடு இங்கேயும் கரையைப் பார்த்து வந்தார்கள். அவர்களுக்கு நன்றி. உலக மீனவர் நாளான நவம்பர் 21 அன்று கூட்டம் போட்டோம், பேச வந்தவர்கள் பேசினார்கள்.

இனி தார்ப்பாய் விஷயத்துக்கு வருகிறேன். “திமிங்கலத்துக்குத் தார்ப்பாய் வாங்கின செயலாளர்” என்று என்னைப் பற்றி டீக்கடையில் பேசுவது என் காதுக்கும் வந்தது. அதற்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் கேட்கவில்லை என்று சொல்லக்கூடாது.

இந்த மாதம் 11-ஆம் தேதியோடு பத்து வருஷம் ஆகிறது. 2016 ஜனவரி 11 சாயங்காலம் தொடங்கி மணப்பாடு, கல்லாமொழி, ஆலந்தலை என்று கரை நெடுகத் திமிங்கலங்கள் ஒதுங்கியது நம்மில் யாருக்கும் மறந்திருக்காது. குட்டைத் துடுப்பு பைலட் திமிங்கலம். நம் பெரியவர்கள் பார்த்த மாத்திரத்தில் “இது ஓங்கல் சாதி” என்றார்கள். ஆராய்ச்சிக்காரர்களும் அதை டால்பின் குடும்பத்தில்தான் சேர்த்திருக்கிறார்கள். எண்பத்தொன்று வந்ததாகவும் நாற்பத்தைந்து செத்ததாகவும் அப்போது செய்தி வந்தது. தொழிலுக்குப் போகாமல் ஊரே கழுத்தளவு தண்ணீரில் நின்றது. தள்ளிவிட்டோம், வள்ளத்தில் கட்டி ஆழத்துக்கு இழுத்துக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தோம். வள்ளம் கரைக்குத் திரும்பும்போது அவையும் கூடவே திரும்பின. விடிய விடிய இதுதான் கதை.

அவை ஏன் திரும்பின என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் கடல் சரியில்லை என்றார், ஒருவர் சுனாமி வரப்போகிறது என்றார், ஒருவர் ஜெபமாலை சொல்லச் சொன்னார். உண்மை இவ்வளவுதான்: இந்தச் சாதி தனியாக வாழாது. தாய், பாட்டி, பேத்தி என்று பெண்வழிக் குடும்பமாகவே சுற்றும். குட்டி போடும் வயதைத் தாண்டிய கிழவிகளும் பல வருஷம் கூட்டத்தோடு இருப்பார்கள். ஆழ்கடலில் கணவாய் பிடித்துத் தின்பவை இவை. நம் கரையைப் போல மெல்லச் சரிந்து போகும் மணல் தரையில் அவை எழுப்பும் ஒலி சரியாகத் திரும்பி வராது, வழி புரியாது என்று சொல்கிறார்கள். முதலில் எது கரையேறியது, நோயா, காயமா, வழிதப்பியதா என்பதெல்லாம் தனி விவாதம். ஒன்று கரையில் கிடந்து கத்தினால் மற்றவை அதை விட்டுப் போகாது. ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் விட்டால் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். எல்லாவற்றையும் கரையோரத் தண்ணீரில் ஒன்றாகச் சேர்த்து நிறுத்தி, ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும்.

இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. 2020 நவம்பரில் இலங்கையின் பாணந்துறைக் கரையில் இதே சாதி நூற்றுக்கு மேல் ஒதுங்கின. கொரோனா ஊரடங்கு நேரம். அப்படியும் ஊர்க்காரர்களும் கடற்படையும் கடலோரக் காவல்படையும் ராத்திரி முழுக்க நின்று தள்ளி, விடிவதற்குள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் கடலுக்கு அனுப்பிவிட்டார்கள். செத்தவை மிகச் சில. நமக்கும் அவர்களுக்கும் நடுவில் இருப்பது மன்னார் வளைகுடா. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா என்று கேட்டுத்தான், தார்ப்பாய் வாங்கி ஒத்திகை பார்த்து வைக்கும் இந்தத் திட்டத்தைச் செயற்குழுவில் வைத்தேன். நியூசிலாந்தில் 1974-ல் தொடங்கின ‘ப்ராஜெக்ட் ஜோனா’ என்று ஓர் அமைப்பு இந்த வேலையைச் செய்கிறது. கடைக்காரர், வாத்தியார், விவசாயி என்று சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறார்கள். 2017-ல் ஃபேர்வெல் ஸ்பிட் என்ற மணல்திட்டில் நானூற்றுக்கு மேல் ஒதுங்கியபோது ஆட்கள் கைகோத்துத் தண்ணீரில் வேலி மாதிரி நின்றார்கள், போனவை மறுபடி கரைக்கு வராமல் இருக்க. அங்கேயும் பெரும்பகுதி செத்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரிந்திருந்தது.

“பத்து வருஷத்துக்கு ஒரு தரம் வருவதற்கு இவ்வளவு ஏற்பாடா” என்று சென்ற பொதுக்குழுவில் ஓர் அண்ணாச்சி கேட்டார். அவர் இன்று வரவில்லை. பத்து வருஷம் என்பதே கணக்கில் இல்லை. 1973 ஜனவரியில் இதே குலசேகரன்பட்டினம், மணப்பாடு கரையில் நூற்று நாற்பத்தேழு ஒதுங்கின. அதை நேரில் பார்த்த பெரியவர்கள் இரண்டு மூன்று பேர் இன்றும் நம் ஊரில் இருக்கிறார்கள். அப்புறம் நாற்பத்து மூன்று வருஷம் கழித்து 2016. இரண்டு தடவையும் வாடைக்காற்று மாதம், இரண்டு தடவையும் இதே கரை. அடுத்தது நாளைக்கும் வரலாம், நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் வரலாம். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. வானத்துக்கு ஏவ ஏற்பாடு நடக்கும் கரையில், திமிங்கலத்தைத் தூக்க நாலு தார்ப்பாய் இருப்பதில் என்ன குறைச்சல் வந்துவிட்டது என்று எனக்கு விளங்கவில்லை.

சரி, தார்ப்பாய் எதற்கு? இந்தச் சாதியில் வளர்ந்த ஆண் மூன்று டன் வரை இருக்கும். கடலில் தண்ணீர் தாங்குகிறது. கரையில் அதன் எடையே அதன் நெஞ்சை அமுக்கும். கொழுப்புத்தோல் வேறு, வெயிலில் உள்ளுக்குள் வெந்துபோகும். வாலைப் பிடித்து இழுத்தால் எலும்பு விலகிவிடும். பக்கவாட்டில் மணலைத் தோண்டி, அடியில் தார்ப்பாயை நுழைத்து, தொட்டில் போல நாலா பக்கமும் பிடித்துத்தான் நகர்த்த வேண்டும். வயிறு கீழே இருக்கும்படி நிமிர்த்தி வைத்து, ஈரத்துணி போட்டு, தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உச்சந்தலையில் இருக்கும் மூச்சுத்துளையில் மட்டும் துணியும் படக்கூடாது, தண்ணீரும் போகக்கூடாது.

இதையெல்லாம் பழகிப்பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் ஒத்திகை வைத்தோம். வனத்துறையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். கிழிந்த வலைக்குள் வைக்கோலும் ஈரமணலும் திணித்து, ஆள் உயரத்துக்கு மேல் ஒரு திமிங்கலத்தை நம் பிள்ளைகளே செய்தார்கள். மூச்சுத்துளைக்கு ஒரு பெயிண்ட் டப்பா மூடி. துடுப்புக்குப் பழைய செருப்பு. முதல் வாளித் தண்ணீரை ஒரு தம்பி நேராக அந்த மூடியின் மேலேயே ஊற்றினான். “உன் திமிங்கலம் செத்தது” என்றார் வனத்துறைக்காரர். அதற்கப்புறம் எவனும் அந்தத் தவறைச் செய்யவில்லை. ஒத்திகையின் பலன் அதுதான். ஆனால் வந்தவர்களில் முக்கால்வாசி பள்ளிக்கூடப் பிள்ளைகள். வள்ளம் வைத்திருக்கும் உறுப்பினர்கள், தண்ணீரில் இழுக்கத் தெரிந்தவர்கள், ஒருவர்கூட வரவில்லை. கைபேசியில் செய்தி போட்டிருந்தேன். நீலக் குறி விழுந்திருந்தது.

இதோடு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். இந்த ஆண்டில் அதிகம் பேர் வந்த கூட்டம் எது தெரியுமா? கரையில் கிடந்ததாக ஓர் உறுப்பினர் சாம்பல் நிறக் கட்டி ஒன்றைக் கொண்டுவந்தாரே, அந்தக் கூட்டம். அறிவிப்பே கொடுக்கவில்லை, மன்றத்தில் நிற்க இடமில்லை. மூன்று வருஷமாகப் பார்க்காத முகங்களையெல்லாம் அன்று பார்த்தேன். அம்பர்கிரிஸ், கோடி ரூபாய் என்று ஆளுக்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில், தின்ற கணவாயின் அலகுகள் செரிக்காமல் கிடந்து அதைச் சுற்றி உண்டாவதுதான் அம்பர்கிரிஸ். நம் நாட்டில் அதை வைத்திருப்பதும் குற்றம், விற்பதும் குற்றம், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி. கரையில் கிடைத்தால் வனத்துறைக்குச் சொல்லிவிட வேண்டும். தூத்துக்குடி மாவட்டத்தில் இதற்காகக் கைதானவர்கள் பற்றிப் பேப்பரில் வந்துகொண்டுதான் இருக்கிறது. கடைசியில் நம் கட்டி என்ன ஆனது? சூடான ஊசியால் குத்தியதும் மெழுகுவர்த்தி வாசனை அடித்தது. ஐந்து நிமிஷத்தில் மன்றம் காலி. அன்று கையெழுத்துப் போடும் நோட்டை நான் நீட்டியிருந்தால் இந்த ஆண்டு வருகைப்பதிவு அழகாக இருந்திருக்கும்.

வலை விஷயம் ஒன்று. மகாராஷ்டிராவில், வலையில் சிக்கிய பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை வலையை அறுத்து விடும் மீனவருக்கு இருபத்தைந்தாயிரம் ரூபாய் வரை இழப்பீடு கொடுக்கிறார்கள். படம் எடுத்துக் காட்ட வேண்டும். இங்கே வலை அறுந்தால் அறுந்ததுதான். பாக் நீரிணைப் பக்கம் வலையில் சிக்கின ஆவுளியாவை, அதாவது கடல்பசுவை, விட்டவர்களுக்கு வனத்துறை வெகுமதி கொடுத்திருக்கிறது. நம் பக்கமும் ஓங்கலுக்கும் திமிங்கலத்துக்கும் ஒரு முறையான இழப்பீடு வேண்டும் என்று மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துக்கு நோட்டு மன்றத்தில்தான் இருக்கிறது. இதுவரை பெரும்பாலும் என் வீட்டுக்காரர்கள் கையெழுத்துதான். பெரிய கம்பெனிகளே இறங்கி வருகிற காலம் இது: எம்.எஸ்.சி. என்ற சரக்குக் கப்பல் நிறுவனம் 2022-ல் இலங்கையின் தெற்கே தன் கப்பல்களின் வழியைப் பதினைந்து கடல்மைல் தள்ளி வைத்துக்கொண்டது, நீலத் திமிங்கலங்கள் மேல் மோதாமல் இருக்க. நாம் கேட்பது ஒரு வலைக்காசு.

நினைவுப் பலகை பற்றி. 2016-ல் செத்தவற்றை ஜேசிபி வைத்துக் குழிதோண்டிப் புதைத்த இடத்தில் ஒரு சின்னப் பலகை வைக்கலாம் என்றேன். “சுற்றுலா வருகிறவர்கள் பயந்துவிடுவார்கள்” என்று தள்ளுபடி ஆனது. வியட்நாமில் மீனவர்கள் ஒதுங்கின திமிங்கலத்துக்குத் துக்கம் அனுசரித்து அடக்கம் பண்ணுகிறார்கள். முதலில் பார்த்தவர் மூத்த மகன் மாதிரி துக்க உடை உடுத்துவார். பான் தியெட் ஊரில் அதற்கென 1762-ல் கட்டின கோயிலில் இருபத்திரண்டு மீட்டர் எலும்புக்கூட்டை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்க்கவே சுற்றுலா வருகிறார்கள். தீர்மானத்தை மறுபடி கொண்டுவரப் போவதில்லை. சொல்லிவைக்கிறேன், அவ்வளவுதான்.

கணக்கு. வரவும் செலவும் பொருளாளர் நோட்டில் இருக்கிறது, விரும்பியவர்கள் பார்க்கலாம். பொதுவாகச் சொன்னால், நன்கொடை வந்த அளவுக்குச் சந்தா வரவில்லை. சந்தா வந்த அளவுக்குக் கேள்வி வந்தது. தார்ப்பாய், வாளி, கயிறு வாங்கினதற்கு ரசீது இருக்கிறது. சென்ற ஆண்டு மீதி கொஞ்சம் குறைந்திருக்கிறது. மாதம் ஐம்பது ரூபாய் சந்தாவை இரண்டு வருஷமாகக் கட்டாதவர்கள் பெயரைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் படிக்கவில்லை. பட்டியல் என் சட்டைப்பையில் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். மீட்புக்கென்று வாங்கின தார்ப்பாயைக் கோயில் அசன விருந்துக்குக் கேட்டார்கள், கொடுத்தேன். கோயில் காரியத்துக்கு இல்லை என்று சொல்ல முடியுமா? இரண்டு சாம்பார்க் கறையோடு வந்தன. ஒன்றில் அடுப்புக்கட்டி சுட்ட ஓட்டை, என் உள்ளங்கை போகும். நான்காவது இன்னும் வரவில்லை. யாரிடம் இருக்கிறது என்பது தெரியும். அவர் வீட்டு மாடியில் மழைக்கு விரித்திருப்பது ரோட்டிலிருந்தே தெரிகிறது. ஓட்டையைத் தைக்க வலை பின்னுகிற கையே போதும், யாராவது முன்வந்தால் நல்லது.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: பங்குத்தந்தை அவர்கள், ஊர்க்கமிட்டி, வனத்துறை, மீன்வளத்துறை, ஒலிபெருக்கி கொடுத்தவர், நாற்காலி கொடுத்தவர், வைக்கோல் கொடுத்தவர், மற்றும் பெயர் விடுபட்ட அனைவரும்.

வரும் ஆண்டில் இந்தப் பொறுப்பை இளைஞர்கள் யாராவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் விருப்பம். எனக்கும் வயதாகிறது, வீட்டிலும் கேட்கிறார்கள். வேறு யாரும் பெயர் கொடுக்காவிட்டால் தொடர்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. தொடர்ந்தால், வாடை மாதங்கள் தொடங்குவதற்கு முன் இன்னொரு ஒத்திகை, இந்த முறை தண்ணீரில், நிஜ வள்ளங்களோடு. அதற்கு ஐந்து வள்ளமும் ஒரு நாள் டீசலும் வேண்டும். டீசல் காசு மன்றத்தில் இல்லை. எப்படி வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பொருளாளர் வாசல் பக்கம் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார். பந்தி அவரைத் தாண்டித்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்